ஹியூபர்ட் மண்டோரு பல்செட்டு

வேணாம் டாக்டர், என் வாயப் பாக்க வேணாம். அந்த வெளக்கக் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்புங்க, கண்ணு கூசுது. எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் வந்தது எங்கப்பா பல்லு விஷயமா. ஆமா, ஹியூபர்ட் மண்டோருதான், புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டுல ஆளுங்கள மேய்ச்சவரு. நான் அவரு மக பியாட்ரிஸ். நீங்கதான அவருக்கு மேல் செட்டு பண்ணிக் கொடுத்தீங்க, முன்னுக்கு ரெண்டு தங்கப் பல்லு வச்சு? ஹா, ஞாபகம் வந்துருச்சு. வராம இருக்குமா லா! காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு நிக்கிற ஜனம், அந்தப் பல்லப் பாத்துத்தான் இன்னைக்கு மண்டோரு சிரிப்பாரா கடிப்பாரான்னு கண்டுபிடிக்கும்.

அவருக்கு வலியெல்லாம் இல்ல டாக்டர். ஆளே இல்ல. ஜூன் மாசம் போய்ச் சேந்துட்டாரு. ஐயோ, நீங்க சங்கடப்படாதீங்க, நல்ல சாவு. முந்தின நாளு மத்தியானம் நண்டுக் கறி தின்னுட்டு ஓடு கடிச்சாரு.

செத்தவரு பல்லுக்கு டாக்டர் எதுக்குங்குறீங்க. அதத்தான் சொல்ல வரேன், பொறுங்களேன்.

பெட்டியில வைக்கிறப்ப பல்ல மாட்டித்தான் வச்சோம். மொகம் நெறஞ்சு இருக்கணும்ல. மறுநாள் பெட்டி மூடுறதுக்கு முன்னால எல்லாரும் நெத்தியில முத்தம் கொடுக்குறோம். எங்கண்ணன் பெர்னாட் குனிஞ்சவன் நிமிரவே இல்ல. பாவம், அழுவுறான்னு நெனச்சு நான் முதுகத் தடவிக் கொடுக்குறேன். அவன் என்னாடான்னா அப்பா வாய வெரலால நெம்பிப் பாத்துக்கிட்டு இருக்கான். பல்லக் காணோம்! கன்னம் ரெண்டும் உள்ளுக்குப் போயி, மண்டோரு யாரையோ விசிலடிச்சுக் கூப்புடுற மாதிரி படுத்திருக்காரு.

ராத்திரி பெட்டிகிட்ட முழிச்சிருந்தது வீட்டு ஆளுங்க மட்டுந்தான். வெளி ஆளு மேல பழி போடக் கூட வழியில்ல. அண்ணன் தம்பிய மொறைக்கிறான், தம்பி கிளமெண்டு அண்ணன மொறைக்கிறான். ஃபாதர் ஜெபப் பொஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு நிக்கிறாரு, அண்ணன் எல்லாரையும் வரிசையில நிக்க வச்சு சட்டப் பையத் தொழாவுறான். என் ஹேண்ட்பேக்க அங்கனயே கவுத்துக் கொட்டுனான் டாக்டர். ஃபாதர் பையி ஒண்ணுதான் தப்பிச்சுச்சு.

அதோட விட்டிருந்தாலும் பரவால்ல. முப்பதாம் நாள் பூசைக்கு, தம்பி பொண்டாட்டி புதுசா குட்டியா ரெண்டு தங்கத் தோடு போட்டுக்கிட்டு வந்தா. பாவி மக, அது அவ அம்மா வீட்டுல கொடுத்தது. நற்கருணை வாங்குற வரிசையில எங்கண்ணிக்குக் கண்ணு அங்கதான் போச்சு. அடியே, அது எங்க மாமா பல்லுடின்னு கத்துனா பாருங்க, பாட்டுக்காரங்க பாதியில நிறுத்திட்டாங்க. காதப் பிடிச்சு இவ இழுக்க, முடியப் பிடிச்சு அவ இழுக்க, கோயில்ல எனக்கு உசுரே போயிருச்சு.

போலீஸுக்கும் போனான் அண்ணன். சொந்தத் தம்பி மேல! சார்ஜன் மலாய்க்காரரு, நல்ல மனுஷன். என்னா காணாப் போச்சுன்னாரு, பல்லுன்னான். யாரு பல்லுன்னாரு, அப்பா பல்லுன்னான். அப்ப அவரையே வந்து ரிப்போர்ட் பண்ணச் சொல்லுன்னு அனுப்பி வச்சுட்டாரு.

சிரிங்க டாக்டர், ஊரே சிரிக்குது. ரெண்டு பேரும் இருக்குறது அப்பா கட்டுன ஒரே வீடு. இப்ப ஹாலுக்கு நடுவுல தகரம் வச்சு அடைச்சுட்டாங்க. டிவி அண்ணன் பக்கம், பிளக் தம்பி பக்கம். நாலு மாசமா ரெண்டு பக்கமும் யாரும் டிவி பாக்கல. எனக்கு மட்டும் சிரிப்பே வரல. ஒரே தட்டுல சோறு தின்னவனுங்க டாக்டர். எங்கம்மா அந்தத் தகரத்தப் பாக்க மாட்டாம ஜெராமுல இருக்குற என் வீட்டுக்கு வந்துட்டாங்க. கிறிஸ்மஸுக்கு ரெண்டு மகனும் ஒரு மேசையில உக்காரணும், அது ஒண்ணுதான் கேட்டாங்க.

போன வாரம் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு புஷ்பவள்ளி முறுக்கு கொண்டாந்து கொடுத்தா. நான் அடுப்படியில நிக்கிறேன், அம்மா ரூம்புலருந்து கடக்கு முடக்குன்னு சத்தம். எலின்னு நெனச்சு வெளக்கமாத்தத் தூக்கிட்டு ஓடுனேன். எங்கம்மாவுக்கு மேல ஒத்தப் பல்லு கெடையாது டாக்டர், வருஷக்கணக்கா கஞ்சிதான். கதவத் தொறந்தா கட்டில்ல உக்காந்து, கட்ட வெரலால மேல தாங்கிப் பிடிச்சுக்கிட்டு முறுக்கு கடிக்கிறாங்க. என்னப் பாத்ததும் பயந்து போயி ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. ரெண்டு தங்கப் பல்லும் பளபளன்னு! எங்கப்பாவே சேல கட்டி வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு.

ஆமா, எங்கம்மாதான்.

நானும் கேட்டேன், ஏம்மா இப்படிப் பண்ணுனீங்கன்னு. பல்லோட தூங்கக் கூடாதுன்னு நீங்க அப்பாகிட்டச் சொன்னீங்களாமே? அன்னையிலருந்து படுக்குறதுக்கு முன்னால கழட்டி அம்மா கையிலதான் கொடுப்பாரு. அம்மாதான் கழுவி கிளாஸுல போடுவாங்க. அன்னைக்கு அவரு கொடுக்கல, நானே எடுத்துக்கிட்டேன்டின்னாங்க. விடிஞ்சு மாட்டி விடலாம்னுதான் முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தாங்க. அதுக்குள்ள இவனுங்க திருடன் திருடன்னு கத்த ஆரம்பிச்சுட்டானுங்க. எப்படிச் சொல்லுவாங்க?

நான் போயிச் சொன்னா நம்புவானுங்களா? நீயே திருடிட்டு அம்மா மேல போடுறேம்பானுங்க. அதுக்குத்தான் ரெண்டு பேரையும் கிறிஸ்மஸுக்குத் தனித்தனியா கூப்புட்டு வச்சிருக்கேன். அம்மா நடுவுல உக்காந்து, ரெண்டு மகனும் பாக்கப் பாக்கக் கோழிக்காலக் கடிப்பாங்களாம். அப்புறம் எம்மேல போய் ரிப்போர்ட் பண்ணுங்கடான்னு கேப்பாங்களாம். அவங்களே யோசிச்சதுதான் லா. ஆனா இப்ப மாட்டிக்கிட்டுப் பேசுனா ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ கீழ விழுந்துருது.

இந்தாங்க, இந்தக் கைக்குட்டையில இருக்கு. பயப்படாதீங்க, டெட்டால்ல கழுவிட்டேன். அங்கங்க ராவி, அம்மா வாய்க்குப் பொருந்துற மாதிரி பண்ணிக் கொடுங்க. வெளியதான் உக்காந்திருக்காங்க, கூப்புடுறேன். ஒண்ணு மட்டும் டாக்டர், வச்சுட்டுப் போங்க, அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லிறாதீங்க. வேல முடியிற வரைக்கும் நாங்க இருந்து வாங்கிட்டுப் போறோம். ராத்திரி அதக் கழுவி கிளாஸுல போட்டாத்தான் அவங்களுக்குத் தூக்கம் வருது.