செவ்வாய்க்கிழமைக்கு ஒரு சுழி

18-9-1972, திங்கள்.

வெள்ளிக்கிழமைக் குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. ரயில்வே கேட் எட்டு நிமிஷம் மூடியிருந்ததால் வகுப்புக்குத் தாமதமாகப் போனேன் என்று எழுதியிருக்கிறேன். கேட் மூடியிருந்தது மூன்று நிமிஷம்தான். மீதி ஐந்து நிமிஷம் நின்று காப்பி குடித்தேன். இதை யாரும் என்னிடம் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் திருத்தி வைக்கிறேன்.

நாளைக்குத் தஞ்சாவூர் செஷன்ஸ் கோர்ட்டில் நான் அரசுத் தரப்பில் ஏழாவது சாட்சி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கூடுதலாக ஒன்றும் பேசாதே என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அங்கே கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. என் இடத்தில் இருந்து பார்த்தவர்கள் யாரும் கிடையாது.

வழக்கு இதுதான். ஜனவரி 18, செவ்வாய்க்கிழமை, பொங்கல் கழிந்து வகுப்பு தொடங்கிய முதல் நாள். அன்று மாலை ஏழு மணிக்கு, அரசலாற்றுக்குத் தெற்கே ஐந்து மைலில் ஒரு ஊரில், அறுப்புக் கூலித் தகராறு முற்றிக் களத்தில் அடிதடி நடந்தது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கச் சொல்லியிருந்தார். அவருடைய காரியஸ்தருக்கு மண்டையில் அடி. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த ஊர்க்காரன் மிக்கேல்ராஜ் இந்தக் கொலை வழக்கில் நான்காம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் நான்காவது ஆள். அன்று அந்த நேரத்தில் கும்பகோணத்தில் மாலை வகுப்பில் இருந்தேன் என்கிறான் அவன். வகுப்பு வருகைப் பதிவேட்டில் அந்த நாளுக்கு அவன் பெயருக்கு எதிரே சுழி இருக்கிறது. சுழி என்றால் வரவில்லை. பதிவேட்டை எழுதுகிறவன் நான்.

எங்கள் வகுப்பில் வருகை எடுக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு பேரும் பகலில் எங்காவது வேலை பார்க்கிறவர்கள். ஆறே காலுக்குப் பெயர் கூப்பிட்டால் பாதிப்பேர் பஸ்ஸில் இருப்பார்கள். ஆசிரியர்களும் பகல் வகுப்பு முடித்துக் களைத்து வருகிறவர்கள். பெயர் கூப்பிடுவதை என்னிடம் விட்டுவிட்டார்கள். நான் வாரம் முழுவதும் பென்சிலில் குறிப்பேன். வந்தவனுக்குக் கோடு, வராதவனுக்குச் சுழி. பிந்தி வந்தால் சுழியை அழித்துக் கோடு போடலாம். சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் மையில் எழுதிவிடுவேன். மையில் எழுதிய பிறகு நான் தொடுவதில்லை. பையன்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ரிஜிஸ்டர்.

மிக்கேல்ராஜும் நானும் பூப்பந்து ஆடுகிறவர்கள். அவன் ஆடுவது வேறு, நான் ஆடுவது வேறு. பந்து எங்கே விழும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடும். கைதான் கொஞ்சம் பிந்தும். அவனுக்கு யோசனையே கிடையாது. மட்டை தானாகப் போய்ப் பந்தைத் தேடி எடுக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் வகுப்புக்காரர்களோடு ஆடும்போது அவன் இருக்கும் பக்கம்தான் ஜெயிக்கும். ஆனால் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நாங்கள் இருவருமே ஆட முடியாது. முழுநேர மாணவன்தான் ஆடலாம் என்பது விதி. மாலை மாணவன் மாணவனே இல்லை என்று அதற்குப் பொருள்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்பது என் யோசனை. பகலில் நான் வக்கீல் அப்துல் வஹாப் சாரிடம் குமாஸ்தா. மாலை மாணவனும் அதே பரீட்சை எழுதி அதே பட்டம் வாங்குகிறான், மைதானத்தில் மட்டும் அவன் யாருமில்லையா என்ற வாதத்தை முதலில் எழுதிக் காட்டியவன் நான். வக்கீல் சார் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பரவால்லயே ஐராவதம். யார் பேர்ல போடறது? ஒன் பேர்லயா, அந்தப் பையன் பேர்லயா?"

"அவன் பேர்லயே போடுங்க சார். பகல்ல அறுப்பறுக்கிறவன், சாயங்காலம் படிக்கிறவன்னு சொன்னா ஜட்ஜுக்கு மனசுல ஏறும். நான் குமாஸ்தா. என்னைப் பார்த்து யார் எரக்கப்படுவாங்க?"

இதைச் சொன்னதும் நான்தான். நல்ல யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

டிசம்பரில் சென்னைக் கோர்ட்டிலிருந்து இடைக்கால உத்தரவு வந்தது. மனுதாரர் ஆடலாம், ஜனவரி முடிய முக்கால் பங்கு வருகை இருப்பதாகக் கல்லூரி சான்று தர வேண்டும். அப்படி அவருக்குத் தகுதி இல்லாமல் போனால், தகுதியுள்ள வேறொரு மாலை மாணவரை அவர் இடத்தில் ஆடவிடலாம். டீம் உடையக்கூடாது என்று வக்கீல் சார் கேட்டு வாங்கிய வரி அது.

"அப்ப நானும் ஆடலாமா சார்?" என்று கேட்டேன்.

"ஆர்டர்ல பேரு யாருது? மனுதாரர்னா மனுதாரர் மட்டும்தான்பா. நீ தனியா ஒண்ணு போடணும். அது வர்றதுக்குள்ள ஒனக்குப் படிப்பே முடிஞ்சிடும்."

மிக்கேல்ராஜ் இருந்த விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் வட்டச் செயலாளர் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார். உழைப்பவன் கையில் ஏடும் உண்டு, ஏரும் உண்டு, இனி ஆட்டமும் உண்டு என்று பேசி மிக்கேல்ராஜுக்குத் துண்டு போர்த்தினார். மிக்கேல்ராஜ் வக்கீலுக்கு நன்றி சொன்னான், சங்கத்துக்கு நன்றி சொன்னான், அம்மாவுக்கு நன்றி சொன்னான். எனக்குப் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை ஹாஜா மைதீன் உட்கார்ந்திருந்தான். எங்கள் கடைசி பெஞ்சுக்காரன்.

"ஒம் பேரு அடுத்த கூட்டத்துல வரும், கவலப்படாத ரிஜிஸ்டரு."

நான் சிரித்தேன். கூட்டம் முடிந்து மிக்கேல்ராஜ் என்னிடம் வந்து, "அண்ணே, மேடையில ஏறினதும் எல்லாம் மறந்துபோச்சுண்ணே" என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. மறந்துதான் போயிருப்பான். அதனால் எனக்குக் கோபம் வந்தது என்று யாராவது நினைத்தால் அது சரியல்ல. நான் அன்று இரவு சாப்பிட்டேன், தூங்கினேன். கோபம் இருக்கிறதோ என்று என்னையே பலமுறை கேட்டும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை கோபம் இல்லை.

எனக்கு இருந்தது ஒரு கணக்கு. ஜனவரி வரை நூற்றிருபது வகுப்புகள். முக்கால் பங்கு என்றால் தொண்ணூறு. எனக்கு நூற்றிருபதுக்கு நூற்றிருபது. அவனுக்குச் சரியாகத் தொண்ணூறு வரும் என்று ஜனவரி 22, சனிக்கிழமை தெரிந்தது. மாதக் கடைசி வரை அவன் ஒரு நாளும் தவறக்கூடாது, தவறவும் இல்லை. ஆனால் அந்தத் தொண்ணூறில் நான்கு நான் கொடுத்தவை. ஐப்பசியில் களையெடுப்புக் கூலிப் பேச்சு நடந்தபோது நான்கு நாள் அவன் வரவே இல்லை. "அண்ணே, ஊர்ல கூட்டம்ணே, பாத்து ஒரு கோடு போட்டுருங்க" என்றான். போட்டேன். உண்மையில் அவன் வருகை எண்பத்தாறு. உண்மையில் அவனுக்குத் தகுதி இல்லை. நான் கொடுத்த நான்கில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். மூன்றை அவனிடமே விட்டுவிட்டேன். இதில் அநியாயம் எங்கே என்று எனக்கு யாராவது காட்ட வேண்டும்.

அந்த ஐப்பசிக் கோடுகளில் ஒன்றையே அழித்திருக்கலாமே என்று கேட்கலாம். அவை மையில் இருந்தன. மையை நான் தொடுவதில்லை. அந்தச் சனிக்கிழமை பென்சிலில் இருந்தது அந்த ஒரு வாரம்தான். அதில் புதன்கிழமை அவன் உண்மையிலேயே வரவில்லை. மீதி இருந்தவை செவ்வாய், வியாழன், வெள்ளி. நான் செவ்வாயை எடுத்துக்கொண்டேன். பொங்கல் கழிந்த முதல் நாள், வந்தவர்கள் குறைவு.

எண்பத்தொன்பது என்று நான் கூட்டிக் கொடுத்தேன், பிரின்ஸ்பால் கையெழுத்துப் போட்டார், சான்று கோர்ட்டுக்குப் போனது. எதிர்த்தரப்பான போட்டிக் கமிட்டி அதோடு விடவில்லை. பதிவேட்டின் நகலையே கேட்டு வாங்கித் தாக்கல் செய்தது. பிப்ரவரி 4-ஆம் தேதி மிக்கேல்ராஜுக்குத் தகுதி இல்லை என்று ஆனது. அவன் ஆபீசுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து வக்கீல் சாரிடம் சொன்னான், "செவ்வாக்கிழமை நான் வந்தேன் சார். நல்லா ஞாபகம் இருக்கு சார்."

வக்கீல் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவனிடம், "என் குமாஸ்தா கை வச்ச ரிஜிஸ்டர்ல தப்பு இருக்காதுப்பா. நாள் மாறி நெனச்சிருப்பே" என்றார்.

கோர்ட்டில் தாக்கலான காகிதம் யார் கண்ணிலும் படலாம். மிராசுதாரின் வக்கீல் கண்ணில் பட்டது. கொலை வழக்கில் அதுவரை மூன்று பெயர்களும், அடையாளம் தெரியாத சிலரும். கல்லூரிக்குப் போனதாகச் சொல்லிக்கொண்டிருந்த சங்கத்துப் பையன் அன்று கல்லூரிக்குப் போகவில்லை என்று கல்லூரியே எழுதிக் கொடுத்திருக்கிறது. பிப்ரவரி 9-ஆம் தேதி அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

12-ஆம் தேதி மாயவரத்தில் போட்டி. உத்தரவின்படி அவன் இடத்தில் நான் ஆடினேன். முதல் ஆட்டத்தில் 29-17, இரண்டாவதில் 29-11 என்று தோற்றோம். என் பக்கம் வந்த பந்துகளில்தான் அதிகம் போனது. ஆனாலும் ஸ்கோர் அட்டையில் என் பெயர் இருக்கிறது. மாலைக் கல்லூரி என்று அடைப்புக்குள் போட்டு எழுதியிருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் அப்படி எழுதப்பட்ட முதல் பெயர் அது. வழி திறந்தவர்கள் நாங்கள் என்று பின்னால் வருகிறவர்கள் சொல்வார்கள்.

அன்று வகுப்பில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்காதா என்று ஒரு சந்தேகம் எனக்கும் இருந்தது. அந்த வாரம் தினமும் ஆறரையிலிருந்து ஏழரை வரை கரண்ட் கிடையாது. மெழுகுவர்த்தி வைத்துப் பாடம் நடந்தது. பொருளாதார ஆசிரியர் புத்தகத்திலிருந்து தலை தூக்குவதில்லை. ஹாஜா மைதீன் மட்டும் ஒரு நாள் கேட்டான்.

"ஏன் ரிஜிஸ்டரு, பொங்கல் கழிச்சு மொத நாளு மிக்கேலு வந்தான்ல? மெழுகுவத்தி அவன் சட்டையில ஒழுகி, சாமி கும்புட்டுட்டு வந்தியாடான்னு நான்கூடக் கிண்டல் பண்ணேன்."

பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். விரல் வைத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப வியாழக்கிழமையா இருக்கும்" என்றான்.

அவன் மீது எனக்கு வருத்தம் உண்டு. தன் கண்ணைவிட என் எழுத்தை நம்பினான். அப்படியிருந்தும் போன மாதம் அவனுக்கு மறுபடி சந்தேகம் வந்து, கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்று கிளம்பினான். அவன் நம்பத்தகுந்த ஆள்தானா என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் விசாரித்தார். ஹாஜா மைதீன் நாகூர் கந்தூரிக்குப் போயிருந்த மூன்று நாளும் அவனுக்குக் கோடு இருக்கிறது என்று தேதியோடு எழுதிக் கொடுத்தேன். அவன் கேட்டுத்தான் போட்டேன். எழுதிக் கொடுத்த மூன்றும் உண்மை. கூண்டில் ஏறினால் அதைக் கேட்பார்கள் என்று தெரிந்ததும் ஹாஜா மைதீன் கிளம்பவில்லை.

மிக்கேல்ராஜின் அம்மா செபஸ்தியம்மாள் நேற்று என் அறைக்கு வந்தார். நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். உட்காரவில்லை.

"தம்பி, ஒங்க நோட்டுல எம்மவனுக்கு ஒரு கோடு இருந்தா உசுரோட வந்துருவான்னு சொல்றாங்க. இல்லாட்டி ஆயுசுக்கும் உள்ளதானாம்."

"அம்மா, மையில எழுதினதை அப்புறம் திருத்தினா அது குற்றம். என்னையும் பிடிச்சு உள்ள வைப்பாங்க."

"திருத்த வேணாம். அவன் அன்னிக்கு வந்தானா, வரலயா? அத மட்டும் சொல்லுங்க."

"ரிஜிஸ்டர்ல வரலைன்னு இருக்கும்மா."

"நான் ரிஜிஸ்டரக் கேக்கல தம்பி. ஒங்களக் கேக்குறேன்."

தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். தண்ணீரைக் குடிக்காமல் போய்விட்டார். கோர்ட்டில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். இது உங்கள் கையெழுத்தா, இந்தத் தேதிக்கு இந்தப் பெயருக்கு எதிரே என்ன இருக்கிறது, அவ்வளவுதான். மிக்கேல்ராஜுக்காக வாதாடுவதும் வக்கீல் அப்துல் வஹாப் சார்தான். அவர் என்னைக் குறுக்கு விசாரணை செய்யப்போவதில்லை. என் பதிவேட்டை அவர் நம்புகிறார்.

அந்த அம்மாள் கேட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். மிக்கேல்ராஜ் வந்தான். ஆறு நாற்பதுக்கு வந்தான். சைக்கிளை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினான். எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தான். களத்து வைக்கோல் தூசி அவன் முழங்கையில் இருந்தது. "மெழுகுவத்திய இந்தப் பக்கம் தள்ளுங்கண்ணே" என்றான். ஒன்பதே கால் வரை இருந்தான்.

செவ்வாயை எடுத்ததற்கு வந்தவர்கள் குறைவு என்று மேலே காரணம் எழுதியிருக்கிறேன். வியாழனும் குறைவுதான். சனிக்கிழமை மையைத் திறப்பதற்கு முன் நான் பேப்பர் படித்தேன். காரியஸ்தர் இறந்த செய்தி இருந்தது, ஊர் பெயர் இருந்தது, செவ்வாய் மாலை ஏழு மணி என்று இருந்தது. வியாழனில் சுழி போட்டால் அவன் சண்டை போடுவான், நாலு பேர் அவன் பக்கம் பேசுவார்கள். செவ்வாயில் போட்டால், அவன் ஊரில் அப்படியொன்று நடந்த நாளில் அவன் வகுப்பில் இருந்தான் என்று யாரும் நம்பமாட்டார்கள் என்று யோசித்தேன். அதன் பிறகு என்ன ஆகும் என்றும் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

மறைக்காமல் எழுதிவிட்டேன். இனி என்னைப் பொய்யன் என்று யாரும் சொல்ல முடியாது.

நாளை: பதிவேட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். காலை ஆறு ஐம்பது பாசஞ்சர். பத்தரைக்குக் கோர்ட். கேட்டதற்கு மட்டும் பதில். எப்படியும் ஆறே காலுக்குள் திரும்பிவிட வேண்டும். வருகை எடுக்க வேறு ஆள் இல்லை.