பண்டிகை நாளின் பல் மருத்துவருக்கு

தியாகராய நகரின் திருவிழா நெரிசலிலும் திறந்த கதவும் கனிந்த முகமுமாய் வீற்றிருந்த பெருந்தகையே! பல்லைப் பிடுங்குவதினும் பல்லைப் பேணுவதே பெரிதெனப் பணியாற்றிய பண்பாளரே! எங்கள் அறக்கட்டளைப் பல் மருத்துவமனையின் தலைமை மருத்துவராய் விளங்கி, இன்று பணிநிறைவு காணும் மருத்துவர் ஜஹீதா அம்மையாரே, வணக்கம்.

இம்மடலை எழுதவும் படிக்கவும் முன்மேசைப் பணியாளர் இசக்கியம்மாளாகிய என்னைப் பணித்தார்கள். செந்தமிழில் எழுது என்றார்கள். என்னால் ஆனமட்டும் எழுதியிருக்கிறேன். நடுநடுவே என் பேச்சு எட்டிப் பார்த்தால் சபையோர் பொறுத்தருள வேண்டும்.

அம்மையீர், ஊருக்கெல்லாம் நாள்காட்டி சுவரில் தொங்கும். உங்களுக்கோ அது நோயாளிகளின் தாடையில் தெரியும். ஆடித் தள்ளுபடி வந்தால், டீயைக் குடித்தே பொழுதை ஓட்டி, இரவில் பல் துலக்கவும் தெம்பின்றிப் படுத்து, ஈறு வீங்கி வருவார்கள் கடைப் பிள்ளைகள். நவராத்திரி வந்தால், கொலுவுக்கும் விருந்தாளிக்கும் நடுவே தூக்கம் கெட்டு, வாய்ப்புண்ணோடு வருவார்கள் மயிலாப்பூர் மாமிகள். பெருநாளுக்கு முந்தைய வாரம், தையல் இயந்திரத்தை விட்டு எழ முடியாத தையற்காரர்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். தீபாவளிக்கு முதல் நாள் பல் பிளந்து வருவோருக்குக் கணக்கே இல்லை. எல்லோரும் முறுக்கின் மேல்தான் பழி போடுவார்கள். நீங்கள் மட்டும், “முறுக்கு கடைசியா கடிச்சதும்மா. அதுக்கு முன்னாடி ஒரு மாசமா நீங்களே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க” என்பீர்கள்.

மூட்டை இறக்கும் அண்ணன் ஒருவர் வந்து, “இன்னா டாக்டரம்மா, நோவு தாங்கல. புடுங்கி வுட்ரு, சரக்கு எறக்கினு கீறாங்க, நான் போவணும்” என்று அவசரப்பட்டபோதும் நீங்கள் அவசரப்படவில்லை. அவர் தாடைச் சதையை விரலால் நீவிவிட்டு, கடைசியாய் எப்போது தூங்கினார் என்று கேட்டீர்கள். அந்த மனிதர் பதிலுக்கு நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

நானும் இங்கே நோயாளியாய் வந்தவள்தான். அப்போது ஜவுளிக்கடைப் பட்டுப் பிரிவில் வேலை. சீசன் வந்தால் வாடிக்கையாளரிடம் சிரிக்க வேண்டும், மேற்பார்வையாளரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது. இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். வலி பொறுக்காமல் இங்கே ஓடிவந்து, இந்தப் பல்லை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். “நல்ல பல்லும்மா. இதை எடுத்தா அடுத்தது வலிக்கும். எல்லாத்தையும் எடுத்துட்டு யாரைப் பார்த்துச் சிரிப்பே?” என்றீர்கள். எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. “உதடு சேர்ந்து இருக்கட்டும், பல்லு சேர வேணாம். ஒவ்வொரு புடவையை மடிக்கிறப்பவும் தாடை தளர்வா இருக்கான்னு பாரு” என்று சொல்லி அனுப்பினீர்கள். அந்தத் தீபாவளிக்கு எத்தனை புடவை மடித்தேனோ அத்தனை முறை உங்களை நினைத்தேன். அந்தப் பல் இன்னும் என் வாயில்தான் இருக்கிறது. ஐயமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் வந்து பார்க்கலாம்.

பிறர் பண்டிகையைப் பேணியவரே, உங்கள் பண்டிகையை எங்கே வைத்தீர்கள்? தீபாவளியன்று, “எனக்கென்ன பண்டிகையா, நான் பார்த்துக்கறேன்” என்று எங்களை வீட்டுக்கு அனுப்பினீர்கள். பெருநாளன்றோ தொழுகை முடித்துப் பிரியாணியோடு வந்து, “வந்ததுதான் வந்தேன், ரெண்டு பேரைப் பார்த்துட்டுப் போறேன்” என்று வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டீர்கள். பொங்கலுக்கும் நீங்கள்தான், கிறிஸ்துமஸுக்கும் நீங்கள்தான். நாங்களும் பலகாரப் பையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாய்ப் பஸ் ஏறினோம்.

சென்ற வாரம் நடந்ததைச் சபை அறிய வேண்டும். பல் அச்செடுக்கும் மாவு புதிதாய் வந்தது. சரியாய் இறுகுகிறதா என்று பார்க்க, “என் வாய் சும்மாதானே இருக்கு” என்று நீங்களே வாயைத் திறந்தீர்கள். ஆய்வகத்து அசோகன் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, பெயர் எழுதாமல் தட்டில் வைத்தார். மறுநாள் நம் இளம் மருத்துவர் ஜெயஸ்ரீ அதைக் கண்டார். யாருடையது என்று அறியாமல் நேரே உங்களிடமே கொண்டுவந்தார்.

“மேடம், இது எந்தப் பேஷன்ட்? கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ஞ்சு தட்டையாயிடுச்சு. வருஷக்கணக்கா தூக்கத்துல நறநறன்னு கடிச்சிருக்காங்க. இங்க விரிசல் வேற. உடனே வரச் சொல்லலேன்னா இந்த ரெண்டு பல்லும் போயிடும்.”

நீங்கள் அதை வாங்கிப் பார்த்தீர்கள். “அவங்க வரமாட்டாங்கம்மா” என்றீர்கள்.

“ஏன் மேடம்?”

“லீவு கிடைக்காது.”

அசோகனும் நானும் கதவருகே நின்றிருந்தோம். எங்களுக்குத் தெரியும் அது யாருடைய பல் என்று. அசோகன் தலை குனிந்துகொண்டார். போன தீபாவளிக்கு நான் தந்த லட்டை நீங்கள் உதிர்த்து உதிர்த்து வாயில் போட்டுக்கொண்டது எனக்கு நினைவுக்கு வந்தது. வாய் திறக்க வலித்திருக்கிறது. கேட்டதற்கு, “ஒண்ணுமில்லம்மா” என்றீர்கள். ஊரார் வாயையெல்லாம் பார்த்தவரின் வாயை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. அதில் எங்களுக்கு மிகுந்த வருத்தம்.

நேற்றுங்கூட, “ரிட்டயர் ஆனா என்ன, தீபாவளிக்கு நான் வந்துடறேன், நீங்க போங்க” என்றீர்கள். பணியாளர்கள் அனைவரும் கூடி ஒருமனதாய் முடிவெடுத்துவிட்டோம்: நீங்கள் வரக் கூடாது. அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஜெயஸ்ரீ வருவார். கதவை நான் திறப்பேன்.

அடையாற்று இல்லத்தில் ஆற அமர உண்டு, அயர்ந்து உறங்கி, நோயின்றி நூறாண்டு வாழ்க. பெருநாளில் பிரியாணி உங்கள் வீட்டுத் தட்டிலிருந்தே, சூடு ஆறுமுன் உங்கள் வாய்க்குள் போகட்டும்.

சால்வையும் சட்டமிட்ட இம்மடலும் வழக்கப்படி வழங்கப்படும். வழக்கத்தில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. நாளைக் காலை இங்கே வரும் முதல் நோயாளி நீங்கள். ஜெயஸ்ரீ பார்ப்பார். இரவில் பல்லுக்கு மேல் போட்டுக்கொள்ளும் உறையை அசோகன் செய்து தருவார். முன்மேசையில் நான் காத்திருப்பேன். “ஒண்ணுமில்லம்மா” என்பதை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

லீவு கிடைக்காது என்று இனி நீங்கள் சொல்ல முடியாது, அம்மா.

அன்போடும் உரிமையோடும்,
மருத்துவமனைப் பணியாளர்கள்,
தியாகராய நகர், சென்னை.