தெய்வம்மாவுக்குக் கைப்பக்குவம் போன கதை

மின்சார அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. பின்னால் ஒரு கை போய்வர இடம் விட வேண்டும். சூடு வெளியேற வழி வேண்டும் அல்லவா. ஊட்டியில் எங்கள் காந்தல் பகுதியில் இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. அடுப்பே இல்லாதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

நான் செய்ததைச் சொல்வதற்கு முன் அடுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் பெயர் ஒச்சப்பன். குன்னூருக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் உலர்வது வரை அங்கே டீமேக்கர் வைத்ததுதான் சட்டம். ஓய்வு பெறுகிறவருக்கு வழக்கமாகச் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். நான் வெளியே வந்ததோ தேயிலை விலை படுத்த படுக்கையாகக் கிடந்த காலம். கடிகாரம் வாங்க வக்கில்லாமல், பூட்டிக் கிடந்த துரை பங்களாவின் சமையலறைக்குள் புகுந்து, அங்கிருந்த கரண்ட் அடுப்பைத் தூக்கி என் கழுத்தில் மாலையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

மேலே சூடேறும் நான்கு தட்டு, கீழே ஓவன், எதன்மேலும் சாயாமல் தன் காலில் நிற்கிற அடுப்பு. ஒரு யானைக்கன்றின் எடை. லாரியிலிருந்து இறக்கியவர்களில் இருவர் அன்றோடு உலக வாழ்க்கையை வெறுத்து வெள்ளியங்கிரிக்கு நடந்துவிட்டதாகக் கேள்வி.

பஜாரில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் தாஹாதான் மாட்டிக் கொடுத்தார். அவர் வேலை செய்தார். நான் குற்றம் சொன்னேன். மீட்டர் பெட்டியிலிருந்து அடுப்புக்கென்று தடித்த ஒயரில் தனி லைன். கொதிக்கிற பாத்திரத்தைத் தாண்டிக் கை நீட்டாமல் அணைக்கும்படி பக்கவாட்டில் ஒரு மெயின் சுவிட்ச். தோட்டத்தில் எர்த் குழி. நான்கு காலும் ஒரே மட்டம். திறந்த ஓவன் கதவின்மேல் கனமான தட்டை வைத்தால் அடுப்பே முன்பக்கம் கவிழலாம் என்பதால், முதுகில் சங்கிலி மாட்டிச் சுவரோடு பிணைத்தோம். ஜன்னல் திரையைக் கழற்றி எறிந்தேன். என் மனைவி தெய்வம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, இது அடுப்புங்களா, சர்க்கஸ் சிங்கமுங்களா? சங்கிலியெல்லாம் போட்டுக் கட்றீங்க.”

தாஹா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாதுகாப்பு விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வராது.

தெய்வம்மா சிங்கத்தைப் பழக்கிவிட்டாள். முதலில் கேக், பிறகு அடுக்கடுக்காய் மொறுமொறுக்கும் வர்க்கி பிஸ்கட். ஊட்டி வர்க்கி என்றால் விறகடுப்பில்தான் என்று சத்தியம் செய்கிறவர்கள், அவளுடையதை ஒரு கடி கடித்துவிட்டு அந்தச் சத்தியத்தை வாபஸ் வாங்கினார்கள். வாசனை பிடித்து மலை ரயில் ஒரு நாள் தண்டவாளத்தை விட்டு எங்கள் தெருவுக்குத் திரும்பப் பார்த்தது என்பேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஏரிக்குப் போகிற வழியில் பேக்கரிக் கடை திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜெஸிந்தா ஒரு மாலை வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, நீங்க எங்கூடவே வந்துருங்க. கடை உங்களுதும்தான். காலையில போனா சாயந்தரம் வந்துரலாம். திறப்பு விழாவுக்கு உங்க கையால போட்டது மட்டும் நல்லபடியா வந்துட்டா, அப்புறம் ஊட்டியில நம்மள அசைக்க ஆளில்லீங்க.”

“அவரு சாப்பாட்டுக்கு?”

“அண்ணன் டீமேக்கராச்சே. ஒரு ரசம் வெச்சுக்க மாட்டாருங்களா?”

தெய்வம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். மறுநாள் காய்கறிக் கடையில் ஒருவர் என்னைக் காட்டி, “வர்க்கியம்மா ஊட்டுக்காரருங்க” என்றார். நாற்பது மூட்டை தூளை வாசனையிலேயே தரம் பிரித்தவனைப் பார்த்து.

நான் இல்லாமல் ஒரு காரியம் நடப்பது பாதுகாப்பல்ல என்பது என் கொள்கை. ஃபேக்டரியில் தூள் உலர்த்தும் யந்திரத்தின் வெப்பமானி சரியாகக் காட்டாது. எவ்வளவு தப்பு என்பது எனக்கு மட்டும் தெரியும். தெரியும்படி நானே வைத்திருந்தேன். நான் லீவில் போனால் தூள் தீயும், மேனேஜரின் ஜீப் என்னைத் தேடி வரும். என் மகள் கல்யாணப் பந்தல் வரைக்கும் வந்தது. அந்த ஒரு தடவை நான் ஏறவில்லை. அந்த வாரத்துத் தூள் ஏலத்திலிருந்து அப்படியே திரும்பி வந்தது. வாங்குகிறவர்கள் சுளித்த மூக்கு பிறகு நிமிரவே இல்லை. நான் வெளியே வந்த அடுத்த வருஷம் ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள் காலியாயின. தேயிலை மந்தம் என்றார்கள் எல்லோரும். நானும் மந்தம் என்றேன்.

ஓவன் குமிழின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ உண்டு. அதைத் தளர்த்தி, குமிழைக் கொஞ்சம் திருப்பி மாட்டினால், அதிலுள்ள எண் ஒன்று சொல்லும், உள்ளே சூடு வேறொன்றாக இருக்கும். தெய்வம்மா குளிக்கப் போகும் நேரத்தில் செய்தேன். முதலில் மெயினை அணைத்தேன். அடுப்பு ஆறியிருக்கிறதா என்று பார்த்தேன். கையில் ஈரம் இல்லை. முறைப்படிதான் எல்லாம்.

முதல் நாள் வர்க்கி கரிந்தது. அவள் சூட்டைக் குறைத்து வைக்கக் கற்றுக்கொண்டாள். நான் குமிழை எதிர்ப்பக்கம் திருப்பினேன். மாவு மாவாகவே இருந்தது. அவள் கெட்டிக்காரி, ஒவ்வொரு முறையும் புதுச் சூட்டின் கணக்கு அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும். அதனால் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. இது சுலபமான வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

“எனக்குக் கை போச்சுங்களா?” என்றாள் ஒரு நாள்.

“வயசாகுதல்ல தெய்வம்மா. மறதி வேற. நேத்து நீ குமிழை எங்க வெச்சேன்னு உனக்கே நெனப்பில்ல, பாரு.”

ஜெஸிந்தாவிடமும் குரலைத் தாழ்த்திச் சொல்லிவைத்தேன். திறப்பு விழாவுக்காகத் தெய்வம்மா போட்ட கேக்கை வைத்துக் கல்லட்டி மலைப்பாதைக்குத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கலாம். ஜெஸிந்தா அன்றைக்கு வேறொரு பேக்கரியிலிருந்து வாங்கி ஒப்பேற்றினாள்.

அடுப்பில்தான் கோளாறு என்று தெய்வம்மா தாஹாவுக்குச் சொல்லியனுப்பினாள். அவர் வருவதற்குள் குமிழைச் சரியாக மாட்டிவிட்டேன். தாஹா ஓவனுக்குள் வெப்பமானி வைத்தார், காத்திருந்தார், எடுத்துப் பார்த்தார்.

“அடுப்பு சொக்கத் தங்கம், அம்மா. ஒரு குறையுமில்லீங்க.”

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள், யாரோ இரவல் கொடுத்த கைகளைப் போல. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தாஹா குனிந்து குமிழைத் தடவினார்.

“இந்த ஸ்குரூவ யாருங்கய்யா கழட்டினது? தலையெல்லாம் பளபளன்னு தேஞ்சு கெடக்கு.”

“மெயிண்டெனன்ஸ்,” என்றேன்.

“ஓஹோ,” என்றார். பிறகு எர்த் குழியைப் பார்க்க வேண்டுமென்று தெய்வம்மாவைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

“குழி காய்ஞ்சு கெடக்குதாமுங்க, தண்ணி ஊத்தோணுமாம்,” என்றாள் அவள். அதற்கு எதற்கு அவ்வளவு நேரம் என்று எனக்கு விளங்கவில்லை. எலெக்ட்ரிக் ஆட்களுக்கு விளக்கம் சொல்லப் பிடிக்கும்.

ஆக, இத்தனையும் செய்தது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. பலனையும் சொல்லிவிடுகிறேன். அன்றோடு தெய்வம்மா அடுப்பைத் தொடுவதை விட்டுவிட்டாள். எதற்கும் என்னைத்தான் கேட்கிறாள். “ஏனுங்க, தண்ணி கொதிச்சா எப்படிங்க தெரியும்?” என்கிறாள் குழந்தை மாதிரி. மறதிக்காரியை அடுப்படியில் விடலாமா? சமையலை நானே பார்க்கிறேன். அடிப்பாகம் தட்டையான பாத்திரம்தான் தட்டில் வைப்பேன். ஓவன் கதவின் ரப்பரைத் துடைத்துவைக்கிறேன். பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் வாசல் பெருக்குவதும் என் தலையில்தான். ஆனால் நான் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு டம்ளர் நகராது.

பாவம், அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மனசு ஆறட்டும் என்று ஜெஸிந்தாவோடு விடிந்ததும் சர்ச்சுக்குப் போகிறாள். மாரியம்மனைக் கும்பிடுகிறவள் சர்ச்சுக்குப் போகும் அளவுக்குத் துக்கம். சாயந்தரம்தான் வருகிறாள். முழங்கையெல்லாம் வெள்ளை வெள்ளையாய் ஒட்டியிருக்கும். அங்கே சுண்ணாம்பு அடிக்கிறார்களாம். வருஷம் முழுக்கவா அடிப்பார்கள் என்று கேட்டேன். பெரிய சர்ச் என்றாள்.

ஜெஸிந்தாவின் கடை இப்போது ஓகோவென்று நடக்கிறது. போன வாரம் போய் ஒரு வர்க்கி கடித்தேன். என் நாக்கு பொய் சொல்லாது. ஊட்டியில் அப்படி ஒரு கை இல்லை.

“யாரும்மா போடறது?” என்றேன்.

“புது ஆளுங்கண்ணா,” என்றாள் ஜெஸிந்தா. “கொஞ்சம் மறதிக்காரங்க. ஆனா கை மறக்கலீங்க.”

ஒரு பொட்டலம் வாங்கி வந்து தெய்வம்மாவின் கையில் வைத்தேன். “தின்னு பாரு, கைப்பக்குவம்னா இதுதான்,” என்றேன். அவள் ஒரு கடி கடித்தாள், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. இழந்ததை நினைத்து அவள் அப்படி அழுவதைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை. முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ராத்திரிக்கு ரசம் வைக்கப் போனேன்.