கொல்லையில் கொட்டிய மண்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். வெகுநாள் கழித்துச் சந்தித்தவர்கள் போலிருந்தது. இளையவள் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தேன்.

"எங்க கொல்லை மண்ணை லாரியில அள்ளிட்டுப் போயிட்டாங்கக்கா."

"மண்ணையா? எதுக்கு?"

"அவரு வேலை பார்த்த பேட்டரி உருக்குற கம்பெனியை மூடினப்ப, அங்கேருந்து மண்ணு கொண்டாந்து கொல்லைப் பள்ளத்தை ரொப்பினாரு. மழைத்தண்ணி நிக்குதேன்னு. இப்ப அந்தக் கம்பெனி இடத்து மண்ணுல ஈயம் இருக்கு, விஷம்னு கவர்மெண்டுல தோண்டுறாங்க. நான்தான் போயி, எங்க வீட்டையும் பாருங்கன்னு சொன்னேன்."

"பாப்பாவுக்கு?"

"ரத்தத்துல இருக்காம். மருந்து குடுக்குறாங்க. அந்த மண்ணுலதானேக்கா தவழ்ந்தா, சொப்பு வச்சு விளையாடினா. அவரு சரியா சாப்பிடுறதே இல்ல. 'நானே கொண்டாந்து கொட்டினேனே'ங்குறாரு."

"தெரிஞ்சா செஞ்சாரு?"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

"புது மண்ணு போட்டுட்டாங்க. நேத்து பாப்பாவைப் போயி விளையாடுன்னேன். கொல்லைப்படியிலேயே நிக்குறா. 'அம்மா, இதைத் தொடலாமா'ங்குறா."

"தொடலாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்க்கா. சட்டுனு வாயில வரல."