சங்கு கரைஞ்ச சம்பந்தம்

சன்னலச் சாத்து கண்ணு, சாத்து! பாரேன், முன்னால நிக்கற லாரி விடற பொகைய... தொப்பூர் கணவாயில பஸ்ஸு நின்னாலே இதான் கதி. இந்தப் பொகையெல்லாம் எங்க போவுது தெரியுமா? கடலுக்காம்! நான் சொல்லல, சரத்துன்னு ஒரு பையன் சொன்னான். அந்தப் பேச்சாலதான் எங்க வூட்டுல இவ்ளோ சண்டை.

எம் பொண்ணு காவியாவப் பொண்ணு பாக்க வந்தான் கண்ணு, இண்டூருக்கு. தூத்துக்குடியில கடல் ஆராய்ச்சி பண்றான். எங்க வூட்டுக்காரரு சும்மா இருப்பாரா? 'வாசல்ல நிக்கறது நம்ம லாரிதான் மாப்ள'ன்னாரு. 'நல்ல வண்டி மாமா'ன்னு சொல்லிட்டு அவன் காப்பியக் குடிச்சிருக்கலாமில்ல? 'வண்டி விடற கரியமில வாயுவுல ஒரு பங்கக் கடலு உறிஞ்சிக்குது மாமா. தண்ணியோட சேந்து அமிலமாவுது. சிப்பிக் குஞ்செல்லாம் ஓடு கட்ட முடியாமத் தவிக்குது'ங்கறான்!

இவருக்குக் கோவம். 'கடலு எங்க இருக்குது, என் லாரி எங்க இருக்குது?'ன்னாரு. அவன் மெதுவா, 'காத்துக்கு டோல்கேட் இல்லீங்களே மாமா'ன்னான். உள்ள இருந்து காவியா களுக்குன்னு சிரிச்சுட்டா! அப்பவே அவளுக்குப் புடிச்சுப்போச்சு, எனக்குத் தெரியாதா?

முட்டை ஓடும் வினிகரும் இருந்தா, ஓடு எப்படிக் கரையுதுன்னு காட்டறேன்னான். ஊறுகாய்க்கு வாங்குன வினிகர் இருந்துச்சு. முட்டை? அன்னிக்கு சனிக்கெழம, எங்க வூட்டுல ஆவாது. சாமி அலமாரியில இவரு ராமேஸ்வரத்துல ஆசையா வாங்குன சங்கு இருந்துச்சு... நாந்தான் எடுத்துக் குடுத்தேன். 'வேணாங்கத்தை'ன்னான், நான் கேக்கல. வினிகர்ல போட்டதும் நொரநொரயாப் பொங்குச்சு பாரு! 'கடலு இவ்ளோ புளிக்காதுங்க, இது சும்மா வெளங்கறதுக்கு. ஒடனே எடுத்துருங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனான். பாத்திரம் கழுவற மும்முரத்துல நான் மறந்துட்டேன் கண்ணு! காலையில பாத்தா... சங்கு சொரசொரன்னு, மூக்கு கரைஞ்சு நிக்குது.

இவரு குதிச்சாரு. போன்ல அந்தப் பையன வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. 'அத்தைதான் மறந்துட்டாங்க'ன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லணுமே? 'தப்புதான் மாமா'ன்னான். காவியா எங்ககூடப் பேசறதே இல்ல. இப்ப, சேலத்துல தரகரு வூட்டுக்குப் போயி சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டு வான்னு என்னய அனுப்பிட்டாரு. எந்த வாயால சொல்லுவேன், சொல்லு?

இரு... அவருதான் கூப்புடறாரு. ஹலோ! இல்லீங்க, தொப்பூர்லயே நிக்குது. ஏங்க... சங்க எடுக்க மறந்தது நாந்தாங்க. அந்தப் பையன் மேல தப்பே இல்ல... என்னது, தெரியுமா? ராத்திரி நீங்க வேற வந்து... மிச்ச வினிகரயும் ஊத்துனீங்களா! எதுக்குங்க?... நெசமாவே கரையுதான்னு பாத்தீங்களா! அட மனுசா!... சரி, நீங்களே அவங்கிட்டப் பேசுங்க. வெக்கமா இருக்குதா? எனக்கு மட்டும் இல்லியா?... ஹலோ? வெச்சிட்டாரு!

கேட்டியா கண்ணு? தரகருகிட்ட சம்மதம்னு சொல்லிடணுமாம், அந்தப் பையங்கிட்ட மன்னிப்பும் நானே கேக்கணுமாம். நீ படிச்ச புள்ளை, பக்குவமாப் பேசுவ. நம்பரு தரேன், எங்க ரெண்டு பேருக்காவும் நீ ஒரு போன் போட்டு... ஏங் கண்ணு, பைய ஏன் எடுக்கற? பஸ்ஸு இன்னும் நவுரவே இல்ல, இந்த நடுக் கணவாயில எங்க எறங்கற... கண்ணு!