ஆலம்பரையில் சாப்பாட்டு நேரம்

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து படப்பை போகும் கம்பெனி பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள், தலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“லீவுல மகாபலிபுரம், ஆலம்பரைக் கோட்டை எல்லாம் பாத்தியாக்கா?”

“பாத்தேன். கோட்டைல இடிஞ்ச செவுத்து மேல ஒக்காந்து கடலையே பாத்துக்கினு இருந்தேன். உங்க மாமா சாப்புட கூப்ட்டாரு. ரிலீவர் வரட்டும், வரேன்னுட்டேன்.”

“கடல பாக்கறதுக்கு ரிலீவரா?”

“வாயில அதான் வந்துச்சு. கம்பெனி அசெம்ப்ளி லைன்ல நம்ம எடத்துக்கு மாத்து ஆள் வராம என்னிக்கு நவுந்துருக்கோம்?”

“மாமா சிரிச்சிருப்பாரே.”

“இல்ல. அவரும் லைன்ல நிக்கிறவருதான. ‘நவுரு, நான் ஒக்கார்றேன், நீ போய் சாப்ட்டு வா’ன்னாரு.”

“போனியா?”

“போய்ட்டு வந்து பாத்தா, ஒக்காந்தபடியே தூங்கிக்கினு இருக்காரு. நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்தவரு. எழுப்பல. அவரு முழிக்கிற வரைக்கும் நானே கடல பாத்துக்கினேன்.”