இடப்பக்கத்துச் சர்க்ளிப்

நான் அவசரப்பட்டு வேலை செய்கிறவன் இல்லை, ஐயா. பூம்புகாரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சிங்காரவேலு மெக்கானிக் கை வைத்த எஞ்சின் மறுபடி தகராறு செய்யாது என்பார்கள்.

என் மகள் பூமிகாவின் புருஷன் ஹரிஷின் படகு எஞ்சினையும் நான்தான் பிரித்தேன். ரிங் தேய்ந்து புகை கக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் படகோடு காசிமேட்டுக்குப் போய் அங்கேயே தொழில் செய்யப்போவதாகச் சொன்னான். பூமிகாவும் கூடப் போவாள். கல்யாணமாகி மூன்று வருடமும் அவர்கள் என் வீட்டில்தான் இருந்தார்கள். அவள் அம்மா இறந்த பிறகு எனக்குச் சோறு போட்டது அவள்தான். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சண்டை போடுகிற சுபாவம் எனக்குக் கிடையாது.

பிஸ்டனைப் பிடித்திருக்கிற 'பின்' என்ற உருளைக் கம்பி நகராமல் இருக்க, இரண்டு முனையிலும் சின்னக் கம்பி வளையம் ஒன்று காடிப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். சர்க்ளிப் என்போம். நெருக்கிக் கழற்றினால் அதன் விறைப்பு போய்விடும். திரும்பப் போடக் கூடாது. வலப்பக்கம் புதிது போட்டேன். காடியில் சரியாக உட்கார்ந்ததா என்று திருப்பியும் பார்த்தேன். இடப்பக்கம் பழையதையே இன்னும் கொஞ்சம் நெரித்து, பாதி வெளியே நிற்கும்படி வைத்தேன்.

எதிரே உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்த ஹரிஷ் கேட்டான்.

"ரெண்டு பக்கமும் நல்லா உக்காந்துடுச்சுங்களா மாமா?"

"உக்காந்துடுச்சு மாப்ள."

எஞ்சின் கெட்டால் பயணம் நிற்கும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, எஞ்சினை ஓட்டிப் பழக்கத் தனியாகப் போனவன் கடலிலிருந்து போன் செய்தான்.

"மாமா, உள்ள டொக்டொக்குனு அடிக்குது. நிறுத்திடவா? பக்கத்துல படகு இருக்கு, கட்டி இழுக்கச் சொல்றேன்."

சர்க்ளிப் கழன்று, அந்தப் பின் கம்பி நகர்ந்து சிலிண்டரைச் சுரண்டுகிற சத்தம் அது. அப்போதே நிறுத்தினால் சேதம் கொஞ்சம்தான்; ஒரு வாரத்தில் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவான்.

"நிறுத்தாத. ஓட்டிக்கிட்டே வா," என்றேன்.

முகத்துவாரத்தில் அன்று அலை ஏறியிருந்தது. என் பட்டறை வாசலிலிருந்தே அது தெரியும். அங்கே வந்தபோது எஞ்சின் இறுகி நின்றது. படகு குறுக்கே திரும்பியது. மூன்றாவது அலை கவிழ்த்தது. இரண்டு நாள் கழித்து வானகிரிப் பக்கம் ஒதுங்கினான். எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்தவன் நான்தான்.

இது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. பூமிகாவை நான் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருந்தேன். மனம் சரியில்லாத பெண் எங்காவது போய்விடக் கூடாதே என்று, பட்டறைக்குக் கிளம்பும்போது வெளித்தாழ்ப்பாள் போடுவேன். ஜன்னல் திறந்துதான் இருக்கும். தரங்கம்பாடியில் இருக்கிற தன் மாமியார் எல்லையம்மாள் வீட்டுக்குப் போகணும் என்று ஓயாமல் கேட்டாள். நேற்று உட்காரவைத்து, இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்று தெரிந்தால் மனம் ஆறுமே என்று நினைத்தேன். முழுதும் கேட்டாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காக இல்லை. ஜீப்பை அனுப்பி அவளைக் கூட்டிவந்துவிடுங்கள். என்னை விட்டால் அவளுக்கு வேறு நாதி இல்லை என்பது அவளுக்கு இன்னும் புரியவில்லை.